அவர் தூக்கம் கெட்டால் கெடட்டும்

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம், தலைப்பிரசவம். வலியை நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. மூச்சைக் கவனிக்கும் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியை ஆப் வைத்துச் செய்கிறேன். கணவர் தூக்கம் கெடக் கூடாதென்று ராத்திரியில் ஹாலுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக்கொள்வேன். ஒரு மாதமாகியும் பயம் குறையவில்லை. வேறு நல்ல பயிற்சி இருக்கிறதா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: வேறு பயிற்சி எதற்கு? 'கணவர் தூக்கம் கெடக் கூடாதென்று' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. வயிற்றில் இருப்பது இரண்டு பேருடைய பிள்ளை. ஒரு மாதமாக நீங்கள் பயந்து எழுந்து போவது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொண்டதும் நீங்கள்தான். இதைப் பொறுமை என்று நினைக்காதீர்கள். நாளைக்குக் குழந்தை அழும்போதும் இதே ஹாலுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவீர்கள். இப்படி ஆரம்பித்த எத்தனையோ வீடுகளின் கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன.

பிரசவத்துக்கென்றே இந்தப் பயிற்சியை 1998-ல் அமெரிக்காவில் ஒன்பது வார வகுப்பாக்கியவர் நான்சி பார்டக்கே என்ற மருத்துவச்சி. அதில் கர்ப்பிணியோடு துணைவரும் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார். ஐஸ் கட்டியைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். குளிர் சுள்ளென்று ஏறும். 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று மனசு ஓடும். ஓடுவதைக் கவனித்து மறுபடி மூச்சுக்குத் திரும்ப வேண்டும். பிரசவ வலியும் விட்டு விட்டு வருவதுதான். நன்றாக வலிக்கும் கட்டத்தில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம் இருந்து இறங்கும். அந்த ஒரு நிமிடத்தில் 'மூச்சைப் பார்' என்று காதோரம் சொல்ல, உங்களைத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அதனால் இன்றைக்கு ராத்திரி அவர் படுப்பதற்கு முன்பே ஐஸ் எடுத்து வாருங்கள். அவர் கையிலும் ஒரு கட்டியை வையுங்கள். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனாலும் இதை வீடியோ காலில் தொடரலாம். 'ஆம்பளைக்கு இதெல்லாம் எதற்கு' என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், கணவனின் கடமை ஆஸ்பத்திரி பில் கட்டுவதோடு முடிவதில்லை.

பிரசவ நேரத்தில் பெண் விரும்பும் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் யாரை விடுவார்கள் என்று அடுத்த செக்கப்பில் கேளுங்கள். பெண் துணையை மட்டும்தான் என்றால் அம்மாவையும் இப்போதே பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செக்கப்புக்குக் கணவரும் வரட்டும். ராத்திரியில் எழுந்து உட்காரும் அளவுக்குப் பயம் இருப்பதை, அவர் பக்கத்தில் இருக்கும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள்.