மூச்சோடு உள்ளே போகும் உலோகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடலூர் முதுநகரில் குடியிருக்கிறோம். காலையில் துடைத்த திண்ணையில் மாலைக்குள் கரும்பொடி படிந்துவிடுகிறது. இதில் உள்ள உலோகங்கள் நுரையீரலைக் கெடுக்குமா?

பதில்: விரலில் ஒட்டும் அளவுக்குப் பருமனான தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். நான் அஞ்சுவது 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான நுண்துகள்களுக்குத்தான். தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், இவை காற்றுப்பைகள் வரை போய்ச் சேர்வதில் வியப்பில்லை. உலைகளில் ஆவியாகிக் குளிரும் ஈயம், காட்மியம், ஆர்செனிக் ஆகியவை இத்தகைய துகள்களில்தான் மிகுதியாகப் படிகின்றன. இரும்பும் தாமிரமும் உடலுக்குத் தேவையானவை என்றாலும், குடல் அவற்றை அளந்து எடுத்துக்கொள்வதைப் போல நுரையீரலால் அளந்து எடுக்க முடியாது. அங்கே அவை திசுக்களில் அழற்சியை உண்டாக்குகின்றன.

அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் 1986-87இல் ஓர் எஃகு ஆலை ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தபோது, மூச்சு நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆலை திறந்ததும் அது மீண்டும் ஏறியது. காற்றை வடிகட்டிய தாள்களில் சேமித்திருந்த தூசியைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, ஆலை ஓடிய காலத்துத் தூசி உலோகம் மிகுந்ததாகவும், அதே எடைக்குக் கூடுதல் அழற்சியைத் தருவதாகவும் இருந்தது. ஆகவே தூசியின் எடையை மட்டும் பார்ப்பது போதாது. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுக் காற்றுத் தர வரையறையில் ஈயம், ஆர்செனிக், நிக்கல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. சிப்காட் வளாகத்தை ஒட்டி வாழும் நீங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் விவரம் கேட்கும்போது இந்த மூன்றின் அளவையும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் வில்லியனூரில் கிரில் பட்டறையில் வேலை செய்கிறார். ஜி.ஐ. குழாய் பற்றவைத்த நாள்களில் இரவில் குளிரும் காய்ச்சலும் வருகின்றன, மறுநாள் சரியாகிவிடுகிறது. பால் குடித்தால் போதும் என்கிறார். சரியா?

பதில்: இதற்கு உலோகப்புகைக் காய்ச்சல் என்று பெயர். ஜி.ஐ. குழாய் என்பது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். அதில் பற்றவைத்த இடத்தைச் சுற்றிப் பஞ்சுபோல ஒரு வெண்பொடி நிற்பதை அவரே பார்த்திருப்பார். அந்தப் பொடி துத்தநாக ஆக்சைடு. அதன் புகையை இழுத்த சில மணி நேரத்தில் வாயில் உலோகச் சுவை, உடல்வலி, நடுக்கம் எல்லாம் தொடங்கி, ஓரிரு நாளில் தணியும். விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் இது கடுமையாக வருவதும் உண்டு. பால் வயிற்றுக்குப் போகிறது, புகையோ நுரையீரலுக்குப் போகிறது. ஒன்று மற்றொன்றைக் கழுவாது. காய்ச்சல் தானாக நின்றாலும் அசட்டை கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன். ஏனெனில் அதே பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் பற்றவைத்தால் அறுமதிப்புக் குரோமியமும் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) நிக்கலும் புகையாக எழும். பற்றவைப்புப் புகையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என 2017இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. குந்தியமர்ந்து, தீப்பொறிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து வேலை செய்பவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். புகை நேராக மூக்குக்கே ஏறுகிறது. வேலையை மேசை உயரத்துக்குத் தூக்கி வைப்பது, முகத்தைப் புகைக்கு நேராக வைக்காமல் விலக்கிக்கொள்வது, புகையைப் பக்கவாட்டில் இழுக்க ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துவது ஆகியவை பெருஞ்செலவு இல்லாதவை. மூச்சுத் திணறலோ, இரண்டு நாள் தாண்டிய காய்ச்சலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காட்மியப் புகையும் தொடக்கத்தில் இதே போலக் காட்டி, பிறகு உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: துணி முகக்கவசம் போதுமா?

பதில்: போதாது. என்-95 வகை, அதுவும் கன்னத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால்தான் பயன் தரும்.

கேள்வி: எங்கள் தெருவில் பழைய பேட்டரி உடைக்கிறார்கள். மூன்று வயது மகனுக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: பழைய பேட்டரியை உடைக்கும்போது வெளிவருவது ஈயம். ஈயப் பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றதால் ஈயம் ஒழிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. குழந்தை அதை மூச்சில் இழுப்பதோடு, தரையில் தவழ்ந்த கையை வாயில் வைத்தும் விழுங்குகிறது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். இரத்த ஈய அளவைப் பரிசோதியுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் கேழ்வரகு, கீரை, பால் கொடுங்கள். வீட்டில் யாராவது அந்த வேலைக்குப் போனால், சட்டையை வாசலிலேயே மாற்றித் தனியாகத் துவைக்கட்டும். துடைப்பத்தால் பெருக்காமல், தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.