சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வயிறு முறுக்குகிறதா?

கடலூர் முதுநகர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வயது 36. சிப்காட்டில் ஷிப்ட் வேலை. காலையில் வெறும் டீ, வேலை நேரத்தில் மூன்று டீ. மதியச் சாப்பாடு பெரும்பாலும் கிடையாது. இரவு பத்து மணிக்கு நான்கு புரோட்டா, சால்னா. சாப்பிட்டதும் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கிறது. கழிப்பறை போய் வந்தால் விட்டுவிடுகிறது. பலாப்பழ சீசனில் இன்னும் மோசம். கேஸ் மாத்திரையும் கேட்கவில்லை.”

கேட்காதுதான். அது இரைப்பை அமிலத்துக்கான மாத்திரை. கழிப்பறை போனதும் வலி அடங்குகிறது என்றால், அது பெருங்குடலிலிருந்து வரவே வாய்ப்பு அதிகம். சாப்பாடு விழுந்து இரைப்பை விரிந்ததும், பெருங்குடல் சுருங்கி உள்ளே இருப்பதைத் தள்ளப் பார்க்கும். எல்லோருக்கும் நடப்பதுதான். நாளெல்லாம் காயப்போட்டுவிட்டு ஒரே மூச்சில் எண்ணெய் ஊறிய புரோட்டாவை இறக்கினால், அந்தச் சுருக்கம் வலியாகத் தெரியும். கொழுப்பு அதைத் தூண்டும். சால்னாவின் காரம் குடல் நரம்புகளைச் சீண்டும். ஆனால் நான் முதலில் கைகாட்டுவது புரோட்டாவை அல்ல, நீங்கள் விட்டுவிடும் மதியச் சாப்பாட்டை. ஒரு டப்பா தயிர்சாதம் கொண்டுபோங்கள். இரவு இரண்டு புரோட்டா போதும், மென்று, மெதுவாக.

அடுத்தது டீ. பெரியவர்களான பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி நம்மில் பலருக்குக் குறைந்துவிடும். நான்கு டீயின் பால் சேர்ந்தால் சிலருக்கு அதுவே வாயுவும் பிடிப்பும்தான். இரண்டு வாரம் பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. தயிரில் அந்தச் சர்க்கரை ஓரளவு குறைந்திருப்பதால் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் வலி போகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே போங்கள். தொப்புளில் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்தால் பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும்.

அப்புறம் பலா. பண்ருட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பலா வேண்டாம் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்! அதிலுள்ள சில சர்க்கரைகள் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகின்றன. மூன்று சுளையோடு நிறுத்துங்கள், அதுவும் புரோட்டாவுக்கு மேல் வேண்டாம், மாலையில் தனியாக.