ராத்திரி "டொக்" சத்தமும் ஆட்டமும்: முதலில் ஜாக்கைப் பாருங்கள்

மோட்டார்ஹோமை (வீடு போல வசதியுள்ள வண்டியை) நிறுத்தி, ஹைட்ராலிக் ஜாக்குகளை (எண்ணெய் அழுத்தத்தால் நீண்டு வண்டியை மட்டமாகத் தாங்கும் கால்களை) இறக்கிவிட்டுப் படுத்தால் நள்ளிரவில் "டொக்" என்று சத்தம், கூடவே லேசான ஆட்டம், உள்ளே யாரும் அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேய் இல்லை, பயப்படாதீர்கள். எனக்கு ஜாக் மேல்தான் சந்தேகம். குளிர்ந்ததும் எண்ணெய் சுருங்கும். ஜாக்கின் தண்டு சீலில் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையத்தில்) பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டென்று நூலளவு வழுக்கும். அந்தக் குலுக்கல்தான் உங்களை எழுப்புகிறது.

படுக்கும் முன் ஒவ்வொரு தண்டும் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று டேப்பால் அளந்து வையுங்கள். (வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே கூடாது.) காலையில் ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால் எண்ணெய்க் கசிவோ வால்வுக் கோளாறோ இருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அளவு மாறவில்லையா? சரி, தண்டுகளைத் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள்.

அப்புறம், எந்தக் குழாயையும் திறக்காமலே "டர்ர்" என்று சில நொடி ஓடி நின்றால் அது தண்ணீர் பம்ப். எங்கோ அழுத்தம் கசிகிறது. இன்றிரவு பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுங்கள். கூரையில் டிக் டிக் என்பது தகடு சுருங்குவது, அதை விட்டுவிடலாம்.