சத்தம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான்

கேள்வி: திரில்லர் படங்களில் முதல் காட்சியிலேயே கொலையைக் காட்டிவிடுகிறார்கள். அதையே காட்டிவிட்டால் அப்புறம் என்ன சஸ்பென்ஸ்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: மறைத்து வைப்பதுதான் சஸ்பென்ஸ் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மறைத்து வைத்தால் கிடைப்பது அதிர்ச்சி மட்டும்தான், அது வந்த வேகத்தில் போய்விடும். திரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்கும் தெரியாமல் திடீரென்று வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு மட்டும் தெரிந்து, மேசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் தெரியாமல் அரட்டை அடித்துக்கொண்டிருந்தால் 15 நிமிடம் நமக்கு உட்கார முடியாது.

ஆர்சன் வெல்ஸ் 1958-ல் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தின் தொடக்கம் கிட்டத்தட்ட இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது மாதிரி இருக்கும். ஒரு கை குண்டில் நேரத்தைத் திருகி வைக்கிறது, அந்த ஆள் அதை ஒரு காரின் டிக்கியில் போட்டுவிட்டு ஓடுகிறான், ஒன்றும் தெரியாத ஜோடி ஒன்று வந்து அந்தக் காரில் ஏறுகிறது, அதற்கப்புறம் கேமரா மேலே எழும்பி, இறங்கி, தெருத்தெருவாகப் போய்க்கொண்டே இருக்கிறதே தவிர எங்கேயும் வெட்டு கிடையாது, மூன்று நிமிடத்துக்கும் மேல் ஒரே ஷாட். கார் நடுவில் நம் கண்ணிலிருந்து மறையும், திரும்ப வரும், புதுசாகக் கல்யாணமான இன்னொரு ஜோடி அதன் பக்கத்திலேயே நடந்துபோகும். வெட்டு விழுந்திருந்தால் நமக்கு மூச்சுவிட ஒரு இடம் கிடைத்திருக்கும். அந்த இடத்தைத்தான் வெல்ஸ் தரவில்லை.

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமென்றால் 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே கிடையாது. படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சிவாஜியைச் சுட்டுக் கொன்றுவிடுவார்கள். சிவாஜியையே! 'ஹீரோ என்ன செய்யப்போகிறார்' என்று பார்க்க வந்தவர்களை 'சுட்டது யார்' என்று யோசிக்க வைத்துவிட்டார், அப்புறம் எழுந்திருக்கவா முடியும்?

கேள்வி: டிவியில் பேய்ப் படமோ கொலைப் படமோ பார்க்கும்போது பயமாக இருந்தால் சத்தத்தை நிறுத்திவிடுவேன். உடனே பயம் போய்விடுகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை அம்மா, நீங்கள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதுக்கு இமை இல்லை. தவிர, கண்ணுக்கு எதிரே இருப்பது மட்டும்தான் தெரியும், காது முதுகுக்குப் பின்னால் நடப்பதையும் கேட்கும். திரையின் சட்டத்துக்குள் இல்லாத ஒன்றை நம் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த சத்தம் போதும், அதற்கு உருவம் கொடுப்பதை நம் மூளை பார்த்துக்கொள்ளும். அந்த உருவம் எந்த மேக்கப்காரர் செய்வதையும்விடக் கொடூரமாகத்தான் இருக்கும்.

1975-ல் வந்த 'ஜாஸ்' என்ற சுறா படத்தில் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் பயன்படுத்தியது அடுத்தடுத்த இரண்டே ஸ்வரங்கள். முதலில் இடைவெளி விட்டு, பிறகு நெருக்கி நெருக்கி. கேமரா தண்ணீருக்கு அடியில் பாசிகளுக்கு நடுவே நகர்கிறது, அது யாருடைய பார்வை என்று யாரும் சொல்வதில்லை. முதல் பெண் கடலில் இறங்கிச் சாகும் வரைக்கும் சுறாவைக் காட்டவே இல்லை. (அந்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்தது, அதனாலும் ஒளித்து ஒளித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது, சில சமயம் ரிப்பேரும் நல்லதுக்குத்தான்.) பின்னால் இரண்டு பையன்கள் அட்டையில் செய்த சுறாவின் முதுகுத் துடுப்பை வைத்து ஊரைப் பயமுறுத்துவார்கள், அப்போது அந்த இசை வராது. அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

இதற்கு முன்னாலேயே, பேசும் படம் வந்த புதிதில், ஃப்ரிட்ஸ் லாங் 1931-ல் 'எம்' எடுத்தார். குழந்தைகள் வட்டமாக நின்று கொலைகாரனைப் பற்றிய பாட்டைப் பாடி விளையாடுகின்றன. அம்மா சமைத்துவைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். அங்கே தெருவில், கொலைகாரனைப் பற்றிய அறிவிப்பின் மேல் சிறுமி பந்தை அடித்து விளையாடும்போது அதே அறிவிப்பின் மேல் ஒரு நிழல் விழுகிறது. பிறகு அம்மா மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், திரையில் ஆளில்லாத மாடிப்படி, துணி காயும் பரண், யாரும் சாப்பிடாத தட்டு. பந்து மட்டும் புதரிலிருந்து உருண்டு வருகிறது. அந்தச் சிறுமியின் பலூன் கம்பியில் சிக்குகிறது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, எனக்கு இன்றைக்கும் அந்தத் தட்டுதான் கண்ணில் நிற்கிறது.

மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு தியேட்டரில் (பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் போகிறேன்) பின்பக்க ஸ்பீக்கர் வேலை செய்யாத நாளில் ஒரு திரில்லர் பார்த்தேன். கதாநாயகி சட்டென்று நின்று பின்னால் திரும்புகிறாள். அவளுக்குக் கேட்ட காலடிச் சத்தம் எங்களுக்கு வரவில்லை. "இன்னாத்துக்குத் திரும்புது இது?" என்று ஒருவர் கேட்க, மொத்தத் தியேட்டரும் சிரித்துவிட்டது. அந்தக் காட்சிக்கு எத்தனை பேர் எத்தனை ராத்திரி உழைத்தார்களோ.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து திரில்லர் குறும்படம் எடுக்கிறோம். ட்ரோன் வாடகைக்கு எடுத்து சில்வர் பீச்சை மேலிருந்து காட்டித் தொடங்கலாம் என்று திட்டம். சரியா சார்?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: வேண்டாம் தம்பி. மேலிருந்து பார்த்தால் ஊர் அழகாக இருக்கும், பயமாக இருக்காது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டவனுக்கு என்ன பயம்? பாதி திறந்த கதவு வழியாகப் பார்க்கிறவனுக்குத்தான் பயம்.

அந்த வாடகைக் காசுக்கு ஒரு நல்ல மைக் வாங்குங்கள். விடியற்காலையில் துறைமுகம் பக்கம் போய் விசைப்படகு எஞ்சின் சத்தத்தைப் பதிவுசெய்யுங்கள், காற்று மோதாமல் மைக்குக்குப் பஞ்சு உறை போட மறக்காதீர்கள். திரை கருப்பாகவே இருக்கட்டும். எஞ்சின் சத்தம் நெருங்கி நெருங்கி வந்து, கரைக்கு வருவதற்கு முன்னாலேயே நின்றுபோகட்டும். கடற்கரையில் வளர்ந்தவர்கள் அந்த நொடியிலேயே நிமிர்ந்து உட்காருவார்கள், உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு படத்தைக் காட்டுங்கள், அதுவும் படகை அல்ல, கரையில் காத்திருக்கிற முகத்தை.

எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் சத்தத்தையும் பதிவுசெய்துகொள்ளுங்கள். அமைதி வேண்டும் என்று எடிட்டிங்கில் சத்தத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். தூரத்து நாய், சீலிங் ஃபேன், இதெல்லாம் கேட்டால்தான் அமைதியே தெரியும்.

கேள்வி: திரில்லர் என்றாலே ஏன் ஒரே இருட்டு?
– வாசகர், வில்லியனூர்

பதில்: பாதிப் பேர் சோம்பேறித்தனத்தால். ஒன்றுமே தெரியவில்லை என்றால் நாம் பக்கத்து சீட்டுக்காரரின் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். ஒரு மூலையில் மட்டும் விளக்கு எரிந்து, அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தால்தான் கண் அங்கேயே போகும். மேலே சொன்ன சுறா படத்தில் பட்டப்பகல் காட்சிகளும் பயமாகத்தான் இருக்கின்றன.

கேள்வி: என் கணவர் எந்தப் படத்துக்கும் 10 நிமிடம் தாமதமாகத்தான் கூட்டிப்போகிறார். கேட்டால் 'முதல்ல பேருதானே ஓடும்' என்கிறார்.
– வாசகி, முதலியார்பேட்டை

பதில்: 1960-ல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு வெளியேதான் நின்றிருப்பார். அடுத்த முறை காட்சி நேரத்தை அரை மணி முன்னால் சொல்லி வையுங்கள்.