மொட்டையடிக்காதீர்கள்!

கேள்வி: 'பேபி கேக்ஸ்' என்ற முள்ளில்லாத குட்டை பிளாக்பெர்ரியைத் தொட்டியில் வைத்து மூன்று வருடமாகிறது. குளிர் வந்ததும் இலை கொட்டி வெறும் குச்சியாக நிற்கும், தரையோடு வெட்டிவிடுவேன். மறுபடி நன்றாகத்தான் துளிர்க்கிறது. ஆனால் ஆகஸ்ட் கடைசியில் நாலு பழம், அதுவும் ஒரே புளிப்பு. என்ன தப்பு செய்கிறேன்?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வெட்டுவதுதான் தப்பு. பிளாக்பெர்ரியில் வேர் பல வருடம் இருக்கும், தண்டுக்கு ஆயுள் இரண்டே வருடம். கிட்டத்தட்ட நம் வாழைக் கணக்கு, குலை தள்ளியதை வெட்டுவோம், பக்கக் கன்றை விடுவோம் இல்லையா, அப்படி. உங்கள் ரகம் முதல் வருடத் தண்டின் நுனியிலும் காய்க்கக்கூடியது, அதனால்தான் மொட்டையடித்தும் நாலு பழமாவது கிடைத்தது; பெரிய காய்ப்பு என்னவோ, குளிரைத் தாண்டி நின்ற தண்டில்தான், ஜூன் கடைசி, ஜூலை வாக்கில். அதைத்தான் வருடாவருடம் குப்பையில் போட்டிருக்கிறீர்கள்.

ஜூலைக் காய்ப்பு முடிந்ததும் பழம் கொடுத்த தண்டு பழுப்பாகிக் காயும், வளைத்தால் சடக்கென்று ஒடியும். அதை மட்டும் அடியோடு எடுங்கள். பக்கத்தில் பச்சையாக வளர்ந்து நிற்பதைத் தொட வேண்டாம், இலையே இல்லாவிட்டாலும். அப்புறம், தரையில் இருக்கும் செடியைவிடத் தொட்டிச் செடிக்கு வேரில் குளிர் சீக்கிரம் ஏறும். ஜனவரி, பிப்ரவரியில் ஹீட்டர் இல்லாத கராஜில் சுவரோரம் நகர்த்திவிட்டு, மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்.

புளிப்பு என்கிறீர்களே, பளபளவென்று கறுத்ததுமே பறித்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் பொறுமை கிடையாது! பளபளப்பு போய் மங்கலாகி, தொட்டால் கையோடு வர வேண்டும். பறித்து வைத்தால் பழுக்கிற பழம் இல்லை இது.

கேள்வி: மதுரையில் மொட்டை மாடியில் இது வருமா?

பதில்: குளிர்காலத் தூக்கம் கேட்கிற செடி, மதுரைக்கு வேண்டாம். நீலகிரிப் பக்கம் இதன் சொந்தக்காரர்கள் முள்ளோடு காடாகவே கிடக்கிறார்கள், அது வேறு ஊர், வேறு குளிர். உங்களுக்கு மல்பெரி சரியாக வரும். பெரிய தொட்டி, நல்ல வெயில் போதும். அதை மட்டும் நீங்கள் தாராளமாக வெட்டலாம், புதுத் துளிரிலேயே காய் வைத்துவிடும்.