எலெக்ட்ரிக் காரில் 'உய்ங்' சத்தம்: வாரண்டியில் சரிசெய்ய என்ன வழி?

கேள்வி: எலெக்ட்ரிக் எஸ்.யு.வி. வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சில மாதங்களாக 50-லிருந்து 70 கி.மீ. வேகத்தில் முன்பக்கத்திலிருந்து 'உய்ங்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை லேசாக விட்டால் அடங்குகிறது. காலை முழுசாக எடுத்ததும், ரீஜென் (மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து, அதில் வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பும் பிரேக்) பிடிக்கும்போது, வேறு தொனியில் திரும்ப வருகிறது. சர்வீஸ் சென்டரில் மூன்று முறை காட்டியாயிற்று. "ஈ.வி.ன்னா இப்படித்தான் சார், இன்ஜின் சத்தம் இல்லாததால உங்களுக்குப் பெரிசா கேட்குது" என்கிறார்கள். மோட்டாருக்குத்தான் எட்டு வருட வாரண்டி இருக்கிறதே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: மெதுவாகப் பார்த்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் விற்கும் பல எலெக்ட்ரிக் கார்களுக்கு இரண்டு வாரண்டிகள் உண்டு. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் எட்டு வருடம் அல்லது 1,60,000 கி.மீ. என்பது ஒன்று. வண்டியின் மற்ற பாகங்களுக்குப் பெரும்பாலும் மூன்று வருடம் என்பது இன்னொன்று. நீங்கள் சொல்லும் சத்தம் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து, உங்களுக்கு மிச்சமிருப்பது ஐந்தரை வருடமாகவும் இருக்கலாம், ஆறு மாதமாகவும் இருக்கலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

முதலில் சர்வீஸ் அட்வைசர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அது பாதி உண்மை. எலெக்ட்ரிக் காரில் குறையே இல்லாமல் வருகிற சத்தங்கள் பல. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கேட்கும் மெல்லிய கீச்சுக் குரல் இன்வெர்ட்டருடையது. அது பேட்டரியின் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது, அந்த வெட்டுதான் காதில் விழுகிறது. குறைந்த வேகத்தில் வெளியே கேட்கும் ரீங்காரம், நடந்து போகிறவர்களை எச்சரிக்க ஸ்பீக்கர் வழியாக வேண்டுமென்றே போடுவதாக இருக்கலாம். சார்ஜ் போட்டிருக்கும்போது ஃபேனும் ஏ.சி. கம்ப்ரஸரும் உறுமும். வண்டியை நிறுத்திய பிறகும் கூலன்ட் பம்ப் கொஞ்ச நேரம் முனகும். இதெல்லாம் புது வண்டியிலேயே இருந்திருக்கும். முன்பு இல்லாத சத்தம் 30,000 கி.மீ. தாண்டிய பிறகு புதிதாக வந்தால் அதை 'இப்படித்தான்' என்று தள்ளிவிட முடியாது.

சரி, எதிலிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதிகாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரான பைபாஸ் சாலை ஒன்று போதும். கூட ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் போனைத் தொடக் கூடாது. ஏ.சி., மியூசிக், கண்ணாடி எல்லாம் மூடிவிட்டு, சத்தம் வருகிற வேகத்துக்குப் போங்கள். பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு நியூட்ரலுக்கு மாற்றுங்கள். எலெக்ட்ரிக் காரில் கிளட்ச் கிடையாது. நியூட்ரலில் போட்டாலும் மோட்டாரும் கியரும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கும், இழுவை மட்டும்தான் நின்றுபோகும். அதனால் சத்தம் அப்படியே தொடர்ந்தால் பேரிங், சக்கரம், டயர் என்று தேட வேண்டும். சட்டென்று நின்றுவிட்டால், பளு ஏறும்போது மட்டும் பேசுகிற பாகம் அது. ஒன்று கியர் பற்கள், இல்லையென்றால் மோட்டாரின் காந்த அதிர்வு. நியூட்ரலில் ரீஜென் வேலை செய்யாது, பிரேக் வழக்கம்போல் பிடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

டயரையும் வீல் பேரிங்கையும் கழித்துவிடுவது சுலபம். டயர் சத்தம், தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறினால் தானும் மாறும். வீல் பேரிங் கொரகொரப்பு, ஸ்டீயரிங்கை மெதுவாக இடப்பக்கம் வளைத்தால் பளு வலப்பக்கம் சாயும்போது கூடும். அப்படிக் கூடினால் வலது பேரிங், எதிர்ப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடது. எலெக்ட்ரிக் கார்கள் கனம் அதிகம், கிளம்பும்போதே இழுவையும் முழுசாக வரும். முன்சக்கர டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்து, மோட்டார் போய்விட்டது என்று ஆளைப் பயமுறுத்துவது நிறையவே நடக்கிறது.

அடுத்த சோதனைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் சர்வீஸ் சென்டரில் யாரும் இதை எதிர்த்துப் பேச முடியாது. போனில் ஒலியின் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்ற படம், காட்டும் இலவச ஆப் ஏதாவது ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். 60-ல் சீராகப் போகும்போது திரையில் உயர்ந்து நிற்கும் முள் எத்தனை ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். பிறகு 50-க்கு இறங்கி மறுபடி பாருங்கள். 60-ல் 1,800 என்று இருந்தது 50-ல் 1,500-க்கு வந்தால், அதாவது வேகம் குறைந்த அதே விகிதத்தில் இறங்கினால், அது சுற்றுகிற பாகத்தின் சத்தம், சந்தேகமே வேண்டாம். வேகம் எதுவானாலும் முள் அதே இடத்தில் நின்றால் இன்வெர்ட்டரோ பம்போ. உங்கள் வண்டி மாதிரி எஸ்.யு.வி.யில் சக்கரம் 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 480 தடவை போலச் சுற்றும். கியர் விகிதம் ஒன்பதுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மோட்டார் 4,300 தடவை சுற்றுகிறது. கியரில் ஒவ்வொரு பல்லும் மோதும் கணக்கையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் விசில் வருவது ஏன் என்று புரியும். சக்கரமும் டயரும் அவ்வளவு மேலே சுத்தமான ஒற்றை விசில் அடிப்பது அபூர்வம்.

உங்கள் சத்தம் ஆக்ஸிலேட்டரை லேசாக விட்டதும் அடங்குகிறது, ரீஜெனில் தொனி மாறி வருகிறது என்கிறீர்கள். கியர் பல்லுக்கு இரண்டு முகம் உண்டு. இழுக்கும்போது ஒரு முகமும் ரீஜெனில் மறுமுகமும் அழுந்துகின்றன. இரண்டு முகமும் ஒரே மாதிரி தேய்வதில்லை, அதனால்தான் தொனி மாறுகிறது. ஆகவே என் முதல் சந்தேகம் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்து, மோட்டாரின் சுழற்சியைக் குறைத்துச் சக்கரத்துக்குத் தரும் குறைப்பு கியர் பெட்டி. அதன் பேரிங் தளர்ந்து பற்கள் சரியாகப் பொருந்தாமல் போனாலும் இதே குரல்தான். நேரில் கேட்காமல் இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மோட்டார் பேரிங்கே கெட்டுப்போவதும் உண்டு, அதற்கு எலெக்ட்ரிக் வண்டிகளுக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. இன்வெர்ட்டர் வெட்டி அனுப்பும் மின்சாரம் மோட்டாரின் ஷாஃப்டில் ஒரு மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். அது தரைக்குப் போக வழி தேடி, பேரிங் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய கிரீஸ் படலத்தைப் பொத்துக்கொண்டு பாயும். ஒவ்வொரு பாய்ச்சலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி. நாளடைவில் வளையத்தின் உட்புறம் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாகிவிடும். கழற்றிப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். இதைத் தடுக்கத்தான் சில நிறுவனங்கள் செராமிக் குண்டு பேரிங் போடுகின்றன, ஷாஃப்டைத் தரையோடு இணைக்கும் பிரஷ் வைக்கின்றன. இந்தச் சத்தம் ஆக்ஸிலேட்டருக்குக் கட்டுப்படாது. நியூட்ரலிலும் உறுமும், மாதத்துக்கு மாதம் கூடும்.

இப்போது வாரண்டி புத்தகத்தை எடுங்கள். விளம்பரத் தாளைச் சொல்லவில்லை, வண்டியோடு கொடுத்த புத்தகத்தை. எட்டு வருடப் பட்டியலில் 'மோட்டார்' என்று மட்டும் இருக்கிறதா, கியர் பெட்டி சேர்ந்த 'டிரைவ் யூனிட்' என்று இருக்கிறதா? கியர் பெட்டி, அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட், மோட்டாரைத் தாங்கும் மவுன்ட் மூன்றும் எந்தப் பட்டியலில் வருகின்றன? நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் மாடலுக்கு மாடல் இது மாறும். 'சத்தம், அதிர்வு, இயல்பான தேய்மானம் வாரண்டியில் அடங்காது' என்று ஒரு வரியும் எங்காவது ஒளிந்திருக்கும். சத்தத்துக்கு வாரண்டி தர மாட்டார்கள், சத்தத்தை உண்டாக்கும் பழுதான பாகத்துக்குத்தான் தருவார்கள். உங்களை மூன்று தடவை திருப்பி அனுப்பியதற்குக் காரணம் அநேகமாக இதுதான். நீங்கள் சத்தம் என்றீர்கள், அவர்கள் இயல்பு என்றார்கள், யாரும் பாகத்தின் பெயரைச் சொல்லவில்லை.

அதோடு, அந்த மூன்று தடவையும் ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் புகாரை எழுதும் தாள்) என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று இருந்தால் ஆவணப்படி நீங்கள் இதுவரை புகாரே கொடுக்கவில்லை. நாலாவது தடவை போகும்போது, "50-70 கி.மீ. வேகத்தில் முன் டிரைவ் யூனிட் பகுதியில் விசில் சத்தம், இழுவையிலும் ரீஜெனிலும் வருகிறது, நியூட்ரலில் இல்லை" என்று, உங்கள் சோதனையில் கண்டபடி, உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். அன்றைய கிலோமீட்டரும் தேதியும் இருக்கட்டும். டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீங்களே ஓட்டி, அந்தச் சத்தத்தைக் கேட்க வையுங்கள். அதே மாடலில் டெமோ வண்டி இருந்தால் அதே சாலையில் அதையும் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். 'இயல்பு' என்ற வாதம் பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும், உங்கள் பக்கமோ அவர்கள் பக்கமோ. வண்டியை எடுக்கும்போது 'சோதித்தோம், குறையில்லை' என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். மூன்று வருடம் முடியும் முன்பே கொடுத்த புகார், அதன் பிறகு பாகம் முழுசாகப் போனாலும் கைகொடுக்கும். அன்றைக்கே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு, சத்தம் பதிவான வீடியோ, ஜாப் கார்டு நகல்களோடு ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள். டீலர் வேறு, தயாரிப்பாளர் வேறு. வாரண்டி தருவது தயாரிப்பாளர்.

வெளியே தெரிந்த மெக்கானிக்கிடம் திறந்து பார்க்கச் சொல்லாதீர்கள். ஆரஞ்சு நிற ஒயர்களில் ஓடுவது ஆளைக் கொல்லும் மின்சாரம். சீல் உடைந்திருந்தால் வாரண்டியை மறுக்க அவர்களுக்கு வேறு காரணமே தேவையில்லை. வெள்ளத்தில் ஓட்டிய வரலாறு இருந்தால் அது வாரண்டி கணக்கில் வராது, இன்ஷூரன்ஸ் கணக்கு. சத்தம் 'கரகர' என்று உலோகம் உரசுவதாக மாறினாலோ, பவர் குறைக்கும் ஆமை விளக்கு எரிந்தாலோ அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். டோ செய்தால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டிதான் வேண்டும். முன்சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிவிடும்.

இத்தனைக்கும் பிறகு இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வண்டியைக் கோவையில் வாங்கியிருந்தாலும் சரி. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளில் குறை இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு முதலில் நமக்குத்தான், ஜாப் கார்டுக்காக இவ்வளவு அடித்துக்கொள்வது அதனால்தான். தேவைப்பட்டால் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு.

ஆனால் பெரும்பாலும் அதுவரை போகாது. பாகம் பழுது என்று ஒருமுறை எழுத்தில் வந்துவிட்டால், பேரிங்கை மட்டும் மாற்றாமல் மொத்த டிரைவ் யூனிட்டையே மாற்றிவிடுவார்கள். டீலர் பட்டறையில் அதைப் பிரித்துக் கோர்க்கும் வசதி பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவில் மாடல் எஸ் காரின் டிரைவ் யூனிட் சத்தப் புகார்கள் குவிந்த பிறகு, 2014-ல் டெஸ்லா அதன் வாரண்டியை எட்டு வருடம், கிலோமீட்டர் வரம்பில்லை என்று ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் சேர்த்து நீட்டியது. நம் ஊரில் அவ்வளவு தாராளத்தை எதிர்பார்க்க வேண்டாம். போடுவது புது யூனிட்டா, சரிசெய்த பழையதா என்று கேளுங்கள். அதற்கான வாரண்டி வழக்கமாக மிச்சமிருக்கும் காலத்துக்குத்தான். பாகம் வர வாரக்கணக்கில் ஆகலாம், மாற்று வண்டி வேண்டும் என்பதை அப்போதே மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள்.

வண்டி கைக்கு வந்ததும் அதே சாலையில் அதே சோதனை. கூலன்டில் காற்று தங்கியிருக்கிறதா, வீல் அலைன்மென்ட் பார்த்தார்களா, மோட்டாரின் சுழற்சி நிலையைச் சொல்லும் சென்சாரை மறுபடி அளவு பிடித்தார்களா என்று விசாரியுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் கிளம்பும்போது வண்டி குலுங்கும். ஆயிரம் கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை லிஃப்டில் ஏற்றி, டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, பலரும் விட்டுவிடுவது ஒன்று. எலெக்ட்ரிக் வண்டியின் ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கும் இடத்தில் மோட்டார் எண் இருக்கிறது. மோட்டார் மாறினால் எண்ணும் மாறும். புது எண் போட்ட பில்லையும் டீலரின் கடிதத்தையும் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும், பிறகு இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் திருத்திக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் டெலிவரி தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.