விளையாட்டை நிறுத்தினால் மதிப்பெண் கூடுமா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சென்ற ஆண்டு வரை பள்ளிக் கோ-கோ அணியில் இருந்தாள். வயதுக்கு வந்தபின், ஓடியாடியது போதும் என்று அவளுடைய அப்பத்தா நிறுத்திவிட்டார். அந்த நேரத்துக்கு டியூஷன் வைத்தோம். பள்ளியிலும் உடற்கல்விப் பாடவேளையில் கணக்குப் பாடம்தான் நடக்கிறது. ஆனாலும் மதிப்பெண் கூடவில்லை. புத்தகத்தை விரித்தாலே தூங்கி வழிகிறாள். நாங்கள் செய்தது சரிதானா?
- ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: விளையாட்டை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை, சகோதரி. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1970களில் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்குப் பாட நேரத்தைக் குறைத்து நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதலாக உடற்கல்வி அளித்துப் பார்த்தார்கள். அவர்களுடைய மதிப்பெண் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 நிமிடம் நடந்து முடித்தபின், உட்கார்ந்தே இருந்த நாளைவிடக் கவனம் சிதறாமல் விடையளித்ததும், படித்ததைக் கூடுதலாகப் புரிந்துகொண்டதும் தெரியவந்தது. உடல் இயங்கும்போது மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கூடுகிறது. நரம்பணுக்களின் வளர்ச்சிக்கு உதவும் புரதங்களும் அதிகம் சுரக்கின்றன. படிக்காமலே மதிப்பெண் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. படிக்க உட்காரும் நேரம் வீணாகாமல் இருக்க விளையாட்டு உதவுகிறது என்கிறேன்.

ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. பெண் பிள்ளைகளுக்கும் இதே அளவுதான். மாதவிடாய் நாள்களில் விளையாடினால் கருப்பைக்குக் கேடு வரும் என்ற பயத்துக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. மிதமான பயிற்சி பலருக்கு வயிற்றுவலியைக் குறைக்கவும் செய்கிறது என்பதை அப்பத்தாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லுங்கள். நம் இராமநாதபுரக் கரையில் வெயில் கடுமை என்பதால், காலையில் பள்ளிக்கு முன்போ, மாலையில் வெயில் தாழ்ந்து கடற்காற்று இதமாக வீசும்போதோ விளையாடட்டும். கடற்கரையில் ஓடுவதானால் கால் புதையும் காய்ந்த மணலைவிட அலை நனைத்து இறுகிய மணலே கணுக்காலுக்கு நல்லது. முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் கொடுங்கள். சற்று ஓய்ந்தபின் படிக்க உட்காரட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது அந்தத் தூக்கம். இந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இரத்தசோகை மிகப் பரவலாக இருக்கிறது. ஆகவே முதலில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, பையிலேயே வைத்துவிடுகிறாளா என்றும் கேளுங்கள். உடற்கல்விப் பாடவேளையைத் திருப்பித் தரும்படி அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்; அது அட்டவணையில் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிய நேரம்.